குப்பைமேட்டில் வீணாக எரியும் வாயு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமையும் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துக் குப்பைமேடு பற்றி எரிந்தது. சோளகம் அடிக்கும் காலம், புகை முழுக்க வீடுகளுக்குள்தான் வந்தது. இரண்டு இரவு ஜன்னல் திறக்கவில்லை, கொடியில் கிடந்த சேலையெல்லாம் பிளாஸ்டிக் கருகிய மணம், அடுத்த வீட்டு அம்மம்மா மூக்கில் ஈரத்துணியோடு விடியும்வரை கட்டிலில் குந்தியிருந்தார். பவுசர் வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. மறுநாள் அதே இடத்தில், அடியிலிருந்து, மறுபடியும் புகை.

யாரோ கொளுத்திவிட்டார்கள் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். யார் கொளுத்தினாலும் அடியில் விடாமல் எரியக்கூடிய சாமான் அங்கே இருக்கிறதே! வாழைமட்டையும் மீன் கழிவும் மரக்கறித் தோலும் காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது ஒரு வாயு வரும், அதில் ஏறக்குறையப் பாதி மெதேன், மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. மெதேன் எரியாமல் வானத்துக்குப் போனாலும் ஆபத்துத்தான், 100 வருடக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2022 இல் சமையல் வாயுவுக்காக வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாங்கள்தான் இதை இப்படி விடுகிறோம் என்று நினைக்க வயிறு எரிகிறது.

கலிபோர்னியாவில் அல்டமொண்ட் என்ற குப்பை நிலத்தில் 2009 இல் ஓர் ஆலை போட்டார்கள். வாயுவைக் குழாயால் இழுத்து, சுத்தம் செய்து, குளிரவைத்துத் திரவமாக்கி, ஒரு நாளைக்கு 13,000 கலன் வரை எடுத்துக் குப்பை லொறிகளுக்கே ஊற்றினார்கள். இன்னொரு வழியும் உண்டு: மெதேனையும் காபனீரொட்சைட்டையும் நன்றாகச் சூடாக்கி, இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் நிக்கல் ஊக்கியின் மேல் விட்டால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் வரும், அதிலிருந்து மெதனோல் செய்யலாம், டீசல்கூடச் செய்யலாம். ஆனால் லேசான வேலை இல்லை. அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு ஊக்கியைக் கெடுத்துவிடும், ஷாம்பு, கிறீம் வகைகளிலிருந்து வரும் சிலிக்கன் சேர்வைகள் எஞ்சினுக்குள் எரிந்து மணல்போலப் படியும். இதையெல்லாம் நீக்கவே பெரும் செலவு, சின்ன மேட்டுக்குக் கட்டாது.

அதனால் யாழ்ப்பாணத்துக்கு டீசல் ஆலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் மேட்டை மண்ணால் மூடுங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் நெருப்பு அடங்கும், துளையிட்ட குழாய்களை இறக்கி வாயுவையும் பிடிக்கலாம், வேறொன்றுக்கும் உதவாவிட்டால் குழாய் வாயிலேயே கொளுத்திவிடுவது மெதேனாகப் போக விடுவதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் சந்தைக் கழிவு. பின்னேரம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், கோவா இலையும் வாழைத்தண்டும் அழுகிய தக்காளியும் குவிந்து கிடக்கும். அத்தனையும் உக்கும் கழிவு. பிளாஸ்டிக்கோடு கலந்து உழவு இயந்திரத்தில் மேட்டுக்கு ஏற்றாமல், சாண வாயுவுக்குக் கட்டுவதுபோல மூடிய தொட்டி கட்டி அதில் போட்டால் அடுப்பு எரிக்க வாயு வரும், மிஞ்சும் கரைசல் தோட்டத்துக்குப் பசளையாகும். மேட்டில் கொட்டினாலோ அதன் சாறு மழையோடு இறங்கும், எங்களுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல், அது போய்ச் சேருவது நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கு.

மாரி தொடங்க அதிக நாள் இல்லை. அதற்கு முன் மண்ணாவது போடுவார்களா என்று பொறுப்பானவர்களிடம் உங்கள் பத்திரிகை கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் போட வேண்டும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாசகி