சதவீதத்தை விடுங்கள், மாதிரி பில்லைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின் கட்டணம் மாறும்போதெல்லாம் 'சராசரியாக இத்தனை சதவீதம் உயர்வு' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. ஆனால் பில் கைக்கு வரும்போது அந்தச் சதவீதம் யார் வீட்டுக் கணக்கோடும் ஒத்துப்போவதில்லை. ஒரு வீட்டில் எதுவுமே ஏறியிருக்காது, எதிர் வீட்டில் கால் பங்கு கூடியிருக்கும், கடைசியில் இரண்டு பேருமே மீட்டரைச் சந்தேகப்படுகிறோம். பாவம் மீட்டர், அதற்கு யூனிட்டை எண்ணுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கோளாறு அந்தச் 'சராசரி'யில்தான் இருக்கிறது. நிலைக் கட்டணத்தை (எவ்வளவு ஓடினாலும் மாறாமல் வருகிற தொகை) மட்டும் இரண்டு மடங்காக்கி, யூனிட் விலையைத் தொடாமல் விட்டார்கள் என்று வையுங்கள். பில்லில் பாதி நிலைக் கட்டணமாக இருக்கிற சின்ன வீட்டுக்கு 50 சதவீதம் ஏறும். அது பத்தில் ஒரு பங்காக இருக்கிற பெரிய வீட்டுக்கு வெறும் 10 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் குழைத்து ஒரே எண்ணாகப் போட்டால் யாருக்கு என்ன புரியும்? கையை இறுக்கிச் சிக்கனமாக இருப்பவருக்குத்தான் இதில் அடி அதிகம், ஏனென்றால் விளக்கை அணைத்தாலும் நிலைக் கட்டணம் குறையாது.

ஸ்லாப் கணக்கு, அதாவது யூனிட் கூடக் கூட படிப்படியாக விலை ஏறுகிற முறை, இன்னும் மோசம், அதை யாரும் சொல்லித் தருவதும் இல்லை. முதல் 100 யூனிட்டுக்கு விலை 3, அடுத்த 100க்கு 5, அதற்கு மேல் 8 என்று வைத்துக்கொள்வோம் (எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்). 220 யூனிட் ஓடினால் 300, 500, 160 என்று மொத்தம் 960. இதில் 20 யூனிட் குறைத்துவிட்டால் பில் 800. அதாவது பயன்பாட்டில் 9 சதவீதம்தான் குறைத்தோம், பணத்தில் கிட்டத்தட்ட 17 சதவீதம் மிச்சம், காரணம் நாம் குறைப்பது எப்போதும் உச்சியில் இருக்கிற விலை கூடின யூனிட்டைத்தான். அதனால் கட்டண மாற்றம் எந்தப் படியில் நடந்தது என்பதுதான் முக்கியமான செய்தி. சில முறைகளில் எல்லையை ஒரு யூனிட் தாண்டினாலே மொத்தத்துக்கும் மேல்படி விலை போட்டுவிடுவார்கள். அப்படியென்றால் 200 யூனிட்டுக்கும் 5 வீதம் 1,000 வருகிற இடத்தில் 201 யூனிட்டுக்கும் 8 வீதம் 1,608. அந்த ஒரு யூனிட் என்பது 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடுவதுதான்!

அப்புறம் ரீடிங் எடுக்கும் தேதி. இதைப் பற்றி எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. மாதம் 200 யூனிட் செலவாகிற வீட்டில் 30 நாளில் எடுக்க வேண்டிய ரீடிங்கை 36ஆம் நாள் எடுத்தால் 240 யூனிட் காட்டும், அடுத்த தடவை 24 நாளுக்கு 160 காட்டும். மேலே சொன்ன முதல் முறைக் கணக்கிலேயே பாருங்கள்: ஒழுங்காக எடுத்திருந்தால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,600, தள்ளி எடுத்ததால் 1,120ம் 600ம் சேர்ந்து 1,720. எரித்தது என்னவோ அதே 400 யூனிட்தான். நாள் கணக்குக்கு ஏற்ப ஸ்லாப் எல்லையையும் நீட்டிக் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது, ஆனால் கொடுத்தார்களா இல்லையா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டுக்கும் இதே கதி, ஆளுக்குக் கொஞ்சமாகச் செலவழித்தாலும் மீட்டர் ஒன்று என்பதால் சேர்ந்து மேல் படிக்கு ஏறிவிடுகிறார்கள்.

விலையே ஏறக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரி, எரிவாயு விலை ஏறினால் மின்சாரமும் ஏறத்தான் செய்யும். 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை எகிறியபோது ஐரோப்பாவில் வீட்டு பில்கள் என்ன ஆயின என்று உங்கள் பத்திரிகையிலும் படித்தோம். ஆனால் எரிபொருள் விலை மாறுவதற்கு ஏற்ப, எரிபொருள் சரிக்கட்டும் கட்டணம் என்று பில்லில் தனி வரியாக வருகிறதே, அது பல இடங்களில் ஆண்டு நடுவிலேயே ஏறி இறங்கும், அதற்கு உங்கள் முதல் பக்கத்தில் இடம் கிடைப்பதே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்டணம் மாறும்போது 100, 200, 400 யூனிட் ஓடுகிற வீடுகளுக்குப் பழைய பில் எவ்வளவு, புதிய பில் எவ்வளவு என்று நிலைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எந்தத் தேதியிலிருந்து அமல், பாதி மாதத்தில் மாறினால் எப்படிப் பிரிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முக்கியமாக, கட்டணத்தை முடிவு செய்யும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்றால் அந்தத் தேதியைக் கூட்டம் முடிந்த பிறகு போடாமல், எழுதி அனுப்ப நேரம் இருக்கும்போதே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்