அளவு மட்டும் போதாதா, ஏன் நடக்கவும் சொல்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"செருப்பு வாங்க வந்தா காலில் பெட்டியைக் கட்டி நடக்கவிடறீங்களே?" என்று போன வாரம் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நடக்கும்போது பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்க்கும் பெட்டி அது.

நிற்கும்போது உடல் எடையை இரண்டு கால்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நடக்கையில் அப்படியில்லை. குதிகால் ஊன்றியதும் ஒருமுறை, முன்பாதம் உந்தும்போது ஒருமுறை, உடல் எடையைவிடச் சற்றுக் கூடுதலான விசை அந்த ஒரு காலில் இறங்கும். 70 கிலோ ஆளுக்கு முக்கால் குவிண்டாலுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த இடத்தில் குவிகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். சர்க்கரையால் மரத்துப்போன கால் அதைச் சொல்லாது.

செருப்புக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலில் உள்ள மெல்லிய சென்சார்களை (அழுத்தத்தை உணரும் கருவிகளை) அழுத்தினால் மின்தடை குறையும். கணுக்காலில் கட்டும் பெட்டி அதை நொடிக்கு 100 முறை படிக்கிறது, அவ்வளவுதான். வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்த கால்களுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்ட், பின்னாளில் அமெரிக்காவில், அழுத்தினால் உடைந்து சாயம் விடும் நுண்குமிழிகளைக் காலுறையில் வைத்துப் பார்த்தார். சாயம் கசிந்த இடத்தில் புண் வரக்கூடும். எங்கள் திரையில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும்.

ஓர் அம்மா கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார். திரையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பேத்தி வெளியே ஓட, இவர் பின்னாலேயே எட்டி நடந்தார். வலது பெருவிரலின் அடிமேட்டில் பளிச்சென்று சிவப்பு! அன்றிலிருந்து முதல் சில அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நடப்பவரிடம் பேச்சும் கொடுக்கிறோம்.

புண் ஆறிய காலுக்குச் செருப்புக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போது போடும் செருப்பைவிட 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். 200 என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. எங்கள் சென்சார் சூட்டிலும் வியர்வையிலும் கொஞ்சம் பிசகும். அதனால் தனி எண்ணை நம்பாமல், பழைய செருப்பு, புதுச் செருப்பு இரண்டிலும் நடக்கவிட்டு ஒப்பிடுகிறோம். பக்கவாட்டு உரசலை இது காட்டாது. அதற்குத் தோல் காய்த்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்கிறோம்.

இது மருத்துவப் பரிசோதனை இல்லை. காலில் புண் இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், செருப்பு அப்புறம்.

சரி, வரும்போது பழைய செருப்பைக் கையோடு கொண்டுவாருங்கள். தேய்ந்திருந்தால் இன்னும் நல்லது, தேய்ந்த இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அன்புடன்,
கடைக்காரர்