புருஷன் சொன்ன கதையை யார் சரிபார்த்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

காணாமல் போன மனைவிகள், பிறகு அது கொலை என்று தெரியவந்த வழக்குகள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் புருஷனே கொன்று, பெட்டிக்குள் வைத்து வீட்டிலேயே புதைத்துவிட்ட பெங்களூரு ஷாகிராவின் வழக்கை எடுத்துக்கொண்டு, பெட்டி, குழி, எலும்புக்கூடு, டிஎன்ஏ என்று முக்கால்வாசி இடத்தை அதற்கே கொடுத்துவிட்டீர்கள். அதெல்லாம் 1994 மார்ச்சில் தோண்டியபோதும் அதற்குப் பிறகும் வெளிவந்தவை. அதற்கு முன் கிட்டத்தட்ட மூன்று வருஷம் துப்பறிந்தது யார் என்று ஒரு வரி இல்லை. ஷாகிராவின் மகள்தான் சார்.

ஷாகிரா, மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. முதல் கணவரை விவாகரத்து செய்துவிட்டு 1986-ல் ஷ்ரத்தானந்தா என்று சாமியார் பெயர் வைத்துக்கொண்டிருந்த முரளி மனோகர் மிஸ்ராவைக் கல்யாணம் செய்துகொண்டவர். 1991 மே மாதக் கடைசிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மகள் கேட்கும்போதெல்லாம் அந்த ஆள் ஒரு பதில் வைத்திருந்தார். ஹைதராபாத் போயிருக்கிறாள், கட்ச் பக்கம் ஒரு வைர வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், வருமான வரித் தொல்லைக்குப் பயந்து வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாள், கடைசியில் கர்ப்பமாகி அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் வைத்து விசாரித்தார், அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் பம்பாயில் அந்த ஆள் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் அம்மாவின் பாஸ்போர்ட் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட் இங்கே கிடக்கும்போது அமெரிக்காவுக்கு எப்படிப் போனாள்? 1992 ஜூனில் அசோக் நகர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதற்கப்புறமும் மத்திய குற்றப்பிரிவு கையில் எடுத்து, ரிச்மண்ட் சாலை வீட்டில் தோண்டிப் பார்க்க 1994 ஆகிவிட்டது.

நான் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அதனால் உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன இடத்தில்தான் எனக்குக் கண் நின்றது. தன் சார்பில் சொத்து விவகாரங்களைப் பார்க்க ஷாகிரா தன் புருஷனுக்குப் பொது அதிகாரப் பத்திரம், நாங்கள் பவர் என்போமே, அதை எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி காணாமல் போன பிறகும் அதை வைத்துக்கொண்டே அந்த ஆள் சொத்தை விற்றுக்கொண்டிருந்தார். பவர் எழுதிக் கொடுத்தவர் செத்துவிட்டால் சாதாரணமாக அந்தப் பவரும் அதோடு செத்துப்போகும். ஆகவே அவருக்கு வேண்டியிருந்தது செத்துப்போன மனைவி இல்லை, ‘எங்கேயோ இருக்கிற’ மனைவி. காணாமல் போனவள் என்ற கதை தப்பிப்பதற்கு மட்டுமல்ல, பணத்துக்கும் அதுதான் வழி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் செய்ய வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்கிறார்கள். பல பேர் இதை வீண் அலைச்சல் என்று எங்களிடம் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்போதெல்லாம் இந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

இது பெங்களூரு போலீஸ் மட்டும் செய்த தாமதம் என்று நினைத்துவிடக் கூடாது. சிட்னியில் லினெட் டாசன் என்ற பெண் 1982 ஜனவரியில் காணாமல் போனார், வீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கணவர் கிறிஸ் டாசன் போலீசில் சொன்னதே ஒரு மாதத்துக்கு மேல் கழித்து. அதற்குள் தான் வேலை பார்த்த பள்ளியில் படித்த பெண்ணையே வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். மனைவி போனில் பேசினாள், யோசிக்க அவகாசம் கேட்டாள் என்று அவர் சொன்னதைப் போலீஸ் அப்படியே நம்பியது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கொலை என்று தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில், நாற்பது வருஷம் கழித்து. அவர் சொன்ன அந்த போன் கதைகளைப் பொய் என்று நீதிபதி தள்ளியதும் அந்தத் தீர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

உடல் கிடைக்காவிட்டால் வழக்கே நிற்காது என்று ஊரில் நம்புகிறார்கள், சில ஏட்டய்யாக்களும் சொல்கிறார்கள். உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. 2006-ல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக்குள் ரகசியமாக நடந்த குற்றத்தில் கூட இருந்தவர் என்ன நடந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தாலோ சொன்னது பொய்யாக இருந்தாலோ அதுவும் சந்தர்ப்ப சாட்சிய சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேரும். சரி, பொய் என்று காட்ட வேண்டுமானால் முதல் நாள் அவன் சொன்னது தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டாமா? “கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கும், ரெண்டு நாள் பாருங்கம்மா” என்று, புகாரை வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீது ஒன்றை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் அது எங்கிருந்து வரும்? கடைசியாகப் பேசியது எப்போது, எந்தப் புடவையில் போனாள், எந்த பஸ், செல்போனையும் சுகர் மாத்திரையையும் ஏன் விட்டுவிட்டுப் போனாள், அவள் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, இதைக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க டிஎன்ஏ லேப் எதுவும் தேவையில்லை. இதற்கு முன் அடிதடி என்று மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து, ‘சமரசம்’ பேசி அனுப்பப்பட்டவளா என்று பழைய ரிஜிஸ்டரைப் புரட்டவும் அரை மணி நேரம் போதும்.

ஷாகிரா வழக்கில் மரண தண்டனை 2008-ல் ஆயுளாக மாறியது, சாகும்வரை வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதை நீங்கள் விரிவாகவே எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை இந்த விஷயத்தைத் தொடும்போது, புகார் கொடுக்கப் போகிற அம்மாவோ தங்கையோ என்ன கையில் கொண்டு போக வேண்டும், ஸ்டேஷனில் அலைக்கழித்தால் எஸ்.பி. அலுவலகத்தில் எப்படி மனு கொடுப்பது, ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு எப்போது போடலாம் என்று ஒரு வக்கீலை வைத்து ஒரு பக்கம் எழுத வையுங்கள். அந்தப் பெட்டியின் படத்தைப் போட்ட இடத்திலேயே போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஓசூர்