கம்பெனிக்குத் திரும்பலாமா என்று கேட்ட அம்மிணிக்கு

அம்மிணி,

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, மறுபடி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காரட்டுமா என்று கேட்டிருந்தாய். போ. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடியாது என்பதை வேலை கேட்கும்போதே சொல்லிவிடு.

திருப்பூரில் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை தாண்டி இழுத்தால் ஒன்றரை. சரக்கு ஏற்ற வேண்டிய வாரத்தில் உன்னை யாரும் கேட்கப் போவதில்லை, ‘எல்லாரும் இருக்கறாங்க, நீயும் இரு’ என்பார்கள். கம்பெனி வேனும் அதற்கப்புறம்தான் பெருமாநல்லூர் பக்கம் கிளம்பும். திரும்பி வந்த பெண்கள் மறுபடி நின்றுபோவது பெரும்பாலும் இந்த மூன்று மணி நேரத்தால்தான். அதனால் வேனை நம்பாதே. டவுன் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கும் கம்பெனியாகப் பார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது.

கணக்குக்காக ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வை. 26 நாளுக்கு 13,000. அத்தனைக்கும் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், 1,560. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 98 ரூபாய். கைக்கு 11,342. இதில் உன் மாமியாருக்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கு. அவர் காட்டு வேலைக்குப் போவதை விட்டுவிட்டுத்தான் பேரனைப் பார்க்க வேண்டும், சும்மா என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை வாங்கினால், குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் என்பதையும் நினைவில் வை. உன் சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் அந்த மாதம் ஆயிரம் போய்விடுமே என்று பதினோராயிரத்தை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டிலேயே தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டலாம் என்று மாப்பிள்ளை சொல்வார். மூட்டை வீடு தேடி வரும், உண்மைதான். பீஸுக்குப் பைசாக் கணக்கு, பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. சரக்கு வராத வாரம் கூலியும் இல்லை.

பிஎஃப் விஷயத்தில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த யுஏஎன் எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடு, புதிதாக எடுக்க விடாதே. பழைய பணத்தை எடுக்காமல் இருந்தால் அந்த வருஷங்களும் சேரும், மொத்தம் 10 வருஷம் ஆனால்தான் பென்ஷன். உன் பழைய கணக்கில் அப்பா இனிஷியல் இருக்கும். ஆதாரில் இப்போது மாப்பிள்ளை இனிஷியல். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஆதார் இணையாது, பணம் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். சேர்ந்த வாரமே கம்பெனி ஆபீஸில் சொல்லித் திருத்தம் போடு. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உன் கையில் இருக்கிற போனுடையதா என்றும் பார், ஓடிபி அதற்குத்தான் வரும். கான்ட்ராக்டரிடம் வேலை என்றால் மாதம் ஒருமுறை போனில் உமங் என்கிற அரசுச் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திற. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது குழந்தை எண்ணம் இருந்தால் இஎஸ்ஐ இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலத்தில் (ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்) 70 நாளாவது சந்தா கட்டியிருந்தால் 26 வாரச் சம்பளம் வரும். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனியில் குழந்தை காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருக்கிறதா என்று கேட்காதே, உள்ளே போய்ப் பார். சில இடங்களில் அந்த ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள்.

கை பழைய வேகத்துக்கு வரும் வரை பீஸ் ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதே, ஷிப்ட் சம்பளத்தில் இரு. சேருவதற்கு நல்ல நேரம் தீபாவளி முடிந்த வாரம். ஊருக்குப் போன வெளியூர் ஆட்கள் திரும்பாமல் மிஷின்கள் காலியாகக் கிடக்கும், ஐந்தரைக்குக் கிளம்புவேன் என்றாலும் சரி என்பார்கள். அந்தச் சரியை சூப்பர்வைசரிடம் மட்டும் வாங்காதே, மேனேஜர் காதிலும் போட்டு வை.