ரெகே மேடையில் பாடகருக்குப் பின்னால் நிற்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஜமைக்காவின் திறந்தவெளி ரெகே திருவிழாக்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஓர் இசைக்கு ஒரு முழுப் பக்கத்தையே ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையில் பெயர் சொல்லப்பட்ட ஒரே கலைஞர் ரெகே பாடகர் பாப் மார்லி. மேடையில் அவரைச் சுற்றி நின்றவர்களும், அவருக்கு முன்னும் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மேடைகளை ஏற்று நடத்தியவர்களும் ‘பின்னணிக் குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து தாளவாத்தியம் வாசித்தவன் என்பதால், அந்தச் சொல்லைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அத்தகைய திருவிழாக்களுள் ஒன்றான ‘ரெகே சன்ஸ்ப்ளாஷ்’ 1978 ஜூன் மாதம் ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரின் ஜாரட் பார்க் மைதானத்தில் தொடங்கியது. அதில் மார்லி பாடியது ஒரே ஒரு முறை, 1979 ஆம் ஆண்டில் மட்டுமே. 1981 மே 11 அன்று தமது 36 ஆம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாண்டுத் திருவிழா அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டு, அமெரிக்காவிலிருந்து பாடகர் ஸ்டீவி வொண்டர் வந்து ‘தர்ட் வேர்ல்ட்’ என்ற ஜமைக்கா ரெகே குழுவினரோடு மேடையேறினார். அதன் பிறகும் திருவிழா ஆண்டுதோறும் கூடியது, மக்களும் திரண்டு வந்தார்கள். ஒருவரை மட்டும் நம்பி நின்ற திருவிழாவாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்த 1979 ஆம் ஆண்டு இரவையே எடுத்துக்கொள்வோம். மார்லிக்குப் பின்னால் பாஸ் கிதார் வாசித்தவர் ஆஸ்டன் பாரெட், டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய தம்பி கார்ல்டன் பாரெட். ரெகேயின் அடையாளமான ‘ஒன் டிராப்’ தாளத்தை உலகறியச் செய்தவர்களில் கார்ல்டன் முதன்மையானவர். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில் முதல் எண்ணிக்கையில் பெரிய டிரம் ஒலிக்காது. மற்ற இசைகளில் காலை ஊன்றும் இடம் எதுவோ அந்த இடத்தை இந்தத் தாளம் வெறுமையாக விட்டுவிடுகிறது. அடி மூன்றாவது எண்ணிக்கையில்தான் விழும். கிதாரோ எண்ணிக்கைகளுக்கு இடையில் சுருக்கென்று வெட்டிவிட்டு விலகிக்கொள்ளும். இத்தனை இடைவெளிகளுக்கு நடுவே பாட்டைத் தாங்கிச் செல்வது பாஸ் கிதார். பல பாடல்களில் மெட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் கொடுத்த ஒலிநாடாவில் முதன்முதலாக இதைக் கேட்டபோது, முதல் அடி எங்கே போயிற்று என்று தொடையில் தாளம் போட்டுப் போட்டுத் தேடினேன். அது தவறி விடுபட்ட அடி அன்று, வேண்டுமென்றே விட்ட அடி என்பது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த வெறுமையைக் கையாளத் தெரியாத ஒருவர் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் எத்தகைய குரலும் தள்ளாடிப்போகும்.

திருவிழா மேடையில் இந்தப் பொறுப்பு இன்னும் பன்மடங்காகிறது. சொந்தக் குழுவோடு வரும் பாடகர்கள் சிலர்தான். ஏனையோர் ஒருவர் பின் ஒருவராக மேடையேற, ஒரே குழு அவர்கள் அத்தனை பேருக்கும் வாசிக்கிறது. சன்ஸ்ப்ளாஷ் மேடையில் இந்தப் பணியைப் பல ஆண்டுகள் செய்த குழுக்களுள் ஒன்று, பாஸ் கிதார் கலைஞர் லாயிட் பார்க்ஸ் தலைமையிலான ‘வீ த பீப்பிள்’. ரெகே பாடகர் டென்னிஸ் பிரவுனின் குரலைக் கொண்டாடுவோர் பலர் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். அந்தக் குரல் அத்தனை கவலையின்றி ஏறி இறங்கியதற்கு இக்குழுவின் வாசிப்பும் ஒரு காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு சுருதி, ஒரு வேகம், ஒரு முடிப்பு. பாட்டு சூடுபிடித்ததும் கூட்டம் ‘புல் அப்’ என்று குரல் எழுப்பும், பாடகர் கையை உயர்த்துவார், அந்தக் கணத்திலேயே எட்டுப் பேரும் ஒன்றாக நிறுத்திவிட்டுப் பாட்டை முதலிலிருந்து அதே வேகத்தில் எடுத்தாக வேண்டும். பாடகர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, குழு தன்னோடு நிற்கும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கவாத்தியம் வாசித்த எவருக்கும் இது எத்தகைய வித்தை என்பது தெரியும்.

இவையெல்லாம் ஓர் அரங்கில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற கச்சேரிகள் அல்ல. இருட்டிய பிறகு தொடங்கி விடியும்வரை நடப்பவை. வந்தவர்கள் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்தும் படுத்தும் கேட்பார்கள். அந்த அட்டைக்கு ‘ரெகே பெட்’ என்றே பெயர் வைத்து அங்கே விற்பார்கள். கேட்பவர் கண்ணயரலாம். பாடிய பாடகர் விடுதிக்குத் திரும்பலாம். அடுத்தடுத்த பாடகர்களுக்காகக் காத்திருக்கும் டிரம்ஸ் கலைஞருக்கு அந்த வசதி இல்லை.

வாத்தியக்காரர்களுக்கே உரிய இரவு ஒன்றும் அந்தத் திருவிழாவின் வரலாற்றில் உண்டு. 1964 இல் உருவாகி 1965 இல் கலைந்துபோன ‘ஸ்கடலைட்ஸ்’ குழுவினர் 1983 ஆம் ஆண்டு சன்ஸ்ப்ளாஷ் மேடையில் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். ரெகேக்கு முன்னோடியான ஸ்கா இசையின் பெரும்பகுதி இவர்கள் மூச்சிலும் கையிலும் பிறந்தது. டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் ஆகியோர் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியின் வாத்தியக் குழுவில் பயின்றவர்கள். அதே பள்ளியிலிருந்து வந்த மாபெரும் டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்ட் 1969 இலேயே மறைந்துவிட்டதால் அந்த மறுசேர்க்கையைக் காணவில்லை. 1964 இல் மார்லியும் அவர் தோழர்களும் பாடி ஜமைக்கா முழுவதும் புகழ்பெற்ற முதல் பாடலுக்கு ‘ஸ்டூடியோ ஒன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவர்களும் இந்த ஸ்கடலைட்ஸ் கலைஞர்களே. அதாவது, தங்கள் கட்டுரை கொண்டாடிய அந்தக் குரலை முதலில் ஊருக்கு எடுத்துச் சென்றவர்களே கட்டுரையில் இடம்பெறவில்லை.

பாடகர்களுக்கு நான் எதிரி அல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அனாதை இல்லங்களில் வளர்ந்து, வெண்தோலோடு பிறந்ததற்காக ஏளனம் பட்டு, 1982 ஆம் ஆண்டு சன்ஸ்ப்ளாஷில் கூட்டத்தைத் தன் வசமாக்கிய யெல்லோமேனை நான் மதிக்கிறேன். பின்னாளில் புற்றுநோய்க்காகத் தாடையில் அறுவை சிகிச்சை நடந்து முகமே மாறிய பிறகும் அவர் மேடையை விடவில்லை. ‘கல்ச்சர்’ என்ற ரெகே குழுவின் பாடகர் ஜோசப் ஹில் 2006 ஆகஸ்ட் மாதம் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவில் பெர்லினில் இறந்தபோது, அதுவரை குழுவுக்கு ஒலிப்பொறியாளராக இருந்த மகன் கென்யாட்டா ஹில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, மீதமிருந்த நிகழ்ச்சிகளைப் பாடி முடித்தார். தந்தையின் பாட்டு அத்தனையும் ஒலிப்பலகையின் பின்னால் இருந்தவர் நெஞ்சில் பதிந்திருந்தது. இதைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் செய்ய இயலவில்லை.

1993 இல் சன்ஸ்ப்ளாஷ் கிங்ஸ்டனுக்கு அருகே போர்ட்மோர் பகுதிக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் மாண்டிகோ பேயில் ‘ரெகே சம்ஃபெஸ்ட்’ தொடங்கி, இன்று ஜமைக்காவின் பெரிய இசைத் திருவிழாவாக நிற்கிறது. 2018 நவம்பரில் ஜமைக்காவின் ரெகே இசையை யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த அமைப்பு பட்டியலில் சேர்த்தது ஓர் இசையை, ஒரு மனிதரை அன்று. அந்த இசையின் முதல் தலைமுறையினர் வேகமாக விடைபெற்று வருகிறார்கள். பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட் 2020 இல் மறைந்தார்; 2021 ஆம் ஆண்டு ஒன்றிலேயே யூ ராய், பாடகர் பன்னி வெய்லர், இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி, பாஸ் கிதார் மேதை ராபி ஷேக்ஸ்பியர் ஆகிய நால்வரும் போய்விட்டார்கள். நான் மேலே குறிப்பிட்ட ஆஸ்டன் பாரெட் 2024 பிப்ரவரியில் மறைந்தபோது, அந்தச் செய்தியைத் தமிழில் எங்கும் நான் காணவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியதுதான். அடுத்த முறை ஜூலை மாதத்தில் மாண்டிகோ பே திருவிழாவைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, படத்தில் பாடகருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறவர் யார் என்பதைக் கேட்டறிந்து, அவர் பெயரையும் அவர் கையில் உள்ள வாத்தியத்தின் பெயரையும் படத்தின் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். அந்த ஞாயிறு இணைப்பில் வந்த படத்திலும் இடது ஓரத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கிதார் வாசிக்கிறார். முடிந்தால் அவர் பெயரை அடுத்த இதழிலேயே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்