தூளும் மாவும் அரைக்க எங்கள் மில்லுக்கு வாற எல்லாருக்கும் ஒரு மடல்

அன்பான அம்மாமார், அக்காமார், ஐயாமார், தம்பிமாருக்கு,

மாங்குளம் சந்தியில் ஒரு கதை உலாவுது என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள் வந்து சொல்ல முன்னம் நானே எழுதிவிடுகிறேன்.

கதை இதுதான்: “வருத்தக்காரன் எண்டு பாவம் பாத்துத்தான் சனம் அங்க போகுது. அவர் அதை வைச்சு நிறையில அடிக்கிறார்.”

கூலி கூட என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மில் சத்தம் காதை அடைக்குது என்றால் அதுவும் உண்மைதான். நிறையில் அடிக்கிறேன், அதாவது உங்கள் தூளில் களவெடுக்கிறேன் என்ற சொல் மட்டும் நித்திரையைக் கெடுத்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். கடையில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வாங்கும்போது ஒரு நிறை. வெயிலில் காயவிட்டுத் தாச்சியில் வறுத்தால் உள்ளே இருந்த ஈரம் போய்விடும். கறிவேப்பிலையைச் சொல்லவே வேண்டாம், கை நிறைய உருவிப் போட்டாலும் வறுத்து முடியக் காற்றுக்குப் பறக்கும். மெசின் சூட்டில் இன்னும் கொஞ்ச ஈரம் போகும், உள்ளே கொஞ்சம் தூள் ஒட்டி நிற்கும். போன கிழமை எங்கள் வீட்டுத் தூளையே நிறுத்துப் பார்த்தேன். கடையில் வாங்கிய சரக்கு 2 கிலோ 800 கிராம். மனிசி வறுத்துத் தந்தது 2 கிலோ 610. அரைத்து வெளியில் வந்தது 2 கிலோ 560. என் தூளில் நானே களவெடுத்தேனா?

கடைத் துண்டில் இருக்கிற நிறையோடு தூளின் நிறையை ஒப்பிட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். வறுத்த சரக்கை இங்கே தராசில் வைத்துப் பாருங்கோ, அரைத்த பிறகு இன்னொரு தரம் வையுங்கோ. தராசுக்கு இந்த வருட முத்திரை குத்தியிருக்கிறது, தடவிப் பார்க்கலாம். ஒருவரின் மிளகாய் காரம் அடுத்தவரின் மாவில் ஏறாமல் இருக்க இடையில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டுகிறேனே, அது என் வீட்டு அரிசி. அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, பையைத் தூக்குவதும் நீங்கள், தராசில் வைப்பதும் நீங்கள். என் இடக்கையில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கிட்னி வேலை செய்யாததால் இரத்தத்தை மெசினில் விட்டுச் சுத்தம் செய்கிற டயலிசிஸுக்கு ஊசி அந்த இடத்தில்தான் போடுவார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதில் பிரஷர்கூடப் பார்க்க விடமாட்டார்கள். தொட்டால் உள்ளே இரையும். ஒரு அக்காவின் மகன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, உங்கட கைக்குள்ளயும் மில் ஓடுது” என்றான். அன்றைக்குத் தொடங்கினது, நான் கேளாமலே சாக்குகளை நீங்களே தூக்கி வைக்கிறீர்கள்.

தொற்றுமோ என்று மெல்லக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். தொற்றாது. எனக்குச் சீனி வருத்தம் கிட்னியில் போய் முடிந்தது. கிழமையில் இரண்டு நாள் வவுனியாவுக்குப் போய், நாலு மணித்தியாலம் கட்டிலில் கிடந்து வருகிறேன். பக்கத்துக் கட்டிலில் பதவியாப் பக்கத்துக் கமக்காரர். 1990களிலிருந்து அந்தப் பக்கத்தில் காரணம் பிடிபடாமல் வருகிற சிறுநீரக வருத்தம் அவருக்கு. அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை. அவரின் மனைவி உப்பில்லாத சோற்றுப் பொதி எனக்கும் சேர்த்து இரண்டாகக் கட்டிக்கொண்டு வருவார்.

2022ஐ எப்படி மறப்பேன்? பெற்றோல், டீசல் இல்லை, பஸ் வருமோ வராதோ தெரியாது. பெற்றோலைப் பங்கு வைக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். அந்த நாலில் ஒன்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, சோடாப் போத்தலில் விட்டு, விடிய முன்னம் மில் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கிழமை ஐந்து போத்தல் நின்றது. அதைப் பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஊற்றித்தான் ஏ9 ரோட்டால் வவுனியாவுக்குப் போய் வந்தேன். மில் வாசலில் பெற்றோல் வைக்கிறது ஆபத்து என்று ஏச எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஆகவே பாவம் பார்த்து வருகிறார்கள் என்று சந்தியில் சொல்வது முழுப் பிழை இல்லை. நீங்கள் பாவம் பார்த்ததால்தான் இன்றைக்கு இதை எழுத இருக்கிறேன். அப்படிப்பட்ட உங்களுடைய தூளில் ஐம்பது கிராம் எடுத்து நான் எதைக் கட்டப்போகிறேன்?

இளநீர் கொண்டு வருகிறவர்கள் கோபிக்கக்கூடாது. அதில் பொட்டாசியம் கூட, எனக்கு விலக்கு. வாழைப்பழமும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல முகமில்லாமல் வாங்கி வைத்தேன், இவ்வளவு நாளும் மில்லில் நின்ற பெடியன்தான் குடித்தான். அவன் கொழுத்ததற்கு நீங்களும் பொறுப்பு. போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான், போகாதே என்று சொல்லலாமா? அவன் இல்லாதபடியால் செவ்வாயும் வெள்ளியும் மில் பூட்டு. கரண்ட் பில்லைப் பார்த்து, அடுத்த மாதம் முதல் தூள் கூலி கிலோவுக்கு 20 ரூபா கூடும். மாவுக்குப் பழைய கூலிதான்.

அந்தச் சோடாப் போத்தல்களைக் கழுவி மேல்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், பதினொன்று இருக்கிறது. தன்னுடையது எது என்று தெரிந்தவர்கள் வந்து எடுக்கலாம். போத்தலுக்கு ஒரு கிலோ தூள் கூலி இல்லாமல் அரைத்துத் தருவேன். நிறுத்துப் பார்த்து வாங்குங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மில்காரன்