"அது தனியார் நூலகம்தானே?": நேபாள அரசுக்கு ஒரு திறந்த மடல்

நேபாளத்தின் பண்பாட்டுத் துறையையும் கல்வித் துறையையும் கையில் வைத்திருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். லலித்பூரில் பாட்டன் தோகாவில் இருக்கும் மதன் புரஸ்கார் புஸ்தகாலயம் என்ற நூலகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அங்கே இருக்கும் பழைய நேபாளிப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு வெளியே, நேபாள மண்ணிலேயே, ஒரு முழுப் பிரதித் தொகுப்பு வேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.

இதை அண்மையில் ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில்: "அது தனியார் நூலகம்தானே?" அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது.

தனியார்தான், சரி. ராணி ஜகதம்பா தன் கணவர் மதன் சம்ஷேர் நினைவாக ஏற்படுத்திய பரிசு, 1956 வாக்கில் அந்தப் பரிசுக்கு வந்து சேர்ந்த புத்தகங்கள், அவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல் அடுக்கி வைத்த கமல்மணி தீட்சித் என்கிற மனிதர், இப்படித்தான் அது வளர்ந்தது. நேபாளியில் அச்சானதா, நல்லது கெட்டது பார்க்காதே, உள்ளே வை என்பதுதான் அவர் கொள்கை. துண்டறிக்கையும் சுவரொட்டியும்கூட அங்கே ஆவணம். பிறகு கணினியில் நேபாளி எழுத்து திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் யூனிகோட் எழுத்துருவுக்கும் 2005இல் வந்த நேபாலினக்ஸ் என்ற நேபாளிமொழி இயங்குதளத்துக்கும் பாடுபட்டது இதே தனியார் நூலகம்தான். உங்கள் கோப்புகளை நேபாளியில் தட்டச்சு செய்யும்போது மட்டும் அது தனியார் என்பது யாருக்கும் உறுத்துவதில்லை.

ஒரே ஒரு கஷ்டத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். தாள். 878ஆம் ஆண்டில் பனையோலையில் எழுதப்பட்ட சுஸ்ருத சம்ஹிதை மருத்துவச் சுவடி உங்கள் கேசர் நூலகத்தில் இன்றும் இருக்கிறது, 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில்கூட ஏறிவிட்டது. லோக்தா என்ற புதர்ச்செடியின் பட்டையில் கையால் செய்த நேபாளக் காகிதமும் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். ஆனால் 1930களின் ஒரு மாத இதழை எடுத்துப் பாருங்கள். மரக்கூழில் செய்த மலிவுத் தாள், உள்ளே இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும், பழுப்பேறி, மடிப்பில் விரிசல் விட்டு, ஓரத்தைத் தொட்டால் அப்பளம்போல நொறுங்கும். வாசித்து முடித்து எழுந்தால் மேசையில் துகள். அந்தத் துகள் யாரோ ஒருவரின் முதல் கதையின் கடைசி வரியாக இருக்கலாம். ஓர் ஆய்வு மாணவர் கேட்கிறார் என்று தொகுத்துக் கட்டிய இதழ்களை விரித்தால் முதுகு பிளக்கிறது, விரிக்க மாட்டேன் என்றால் எதற்குத்தான் அந்த நூலகம்? இரண்டுக்கும் நடுவில் நூலகரை நிறுத்திவிட்டு நீங்கள் தனியார், அரசு என்று கணக்குப் பார்க்கிறீர்கள். பத்திரிகைகளில் நிறைய, புத்தகமாகவே வராத எழுத்து. அந்தத் தாள் அழிந்தால் அதை வேறெங்கும் தேட முடியாது.

டிஜிட்டல் செய்தாயிற்றே என்பீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் உதவியது உண்மை, நன்றி. ஆனால் நேபாளி இலக்கியத்தின் காப்புப் பிரதிக்கு லண்டனை நம்பி இருப்பது உங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லையா? 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மேலேயே இணையத் தாக்குதல் நடந்து, மாதக்கணக்கில் அதன் சேவைகள் முடங்கிக் கிடந்தன.

பள்ளத்தாக்குக்கு வெளியே என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், கேசர் நூலகம், இந்தப் புஸ்தகாலயம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடக்கம். 1934 நிலநடுக்கத்தில் குலுங்கிய அதே பள்ளத்தாக்கு 2015 ஏப்ரல் 25 அன்றும் குலுங்கியது. தேசிய நூலகம், கேசர் நூலகம், மதன் புரஸ்கார் மூன்றின் கட்டடங்களும் ஒரே நாளில் சேதம். அன்று சனிக்கிழமை, விடுமுறை, அதனால் வாசகர்கள் பிழைத்தார்கள். அது போதாதென்று 2025 செப்டம்பர் 9, இளைஞர் போராட்டம். அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தது, உச்ச நீதிமன்றம் எரிந்தது. தேசிய ஆவணக் காப்பகம் இருப்பதும் உச்ச நீதிமன்றம் இருக்கும் அதே ராம்ஷா பாதையில்தான். காற்றின் தயவில் வரலாற்றைக் காப்பாற்றுவது ஒரு கொள்கை என்றால், அதை அரசிதழில் வெளியிட்டுவிடுங்கள்.

உங்கள் அரசுகளுக்கும் புத்தகத்துக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை. 1913இல், பரம்பரைப் பிரதமர்களாக ஆண்ட ராணாக்களில் ஒருவரான சந்திர சம்ஷேர் காலத்தில், அனுமதி வாங்காமல் அச்சிட்டால் 50 ரூபாய் அபராதம் என்று சட்டம். 1920இல் மக்காச்சோளச் சாகுபடியைப் பற்றி ஒருவர் எழுதிய புத்தகத்தில் ராணாக்களைக் குத்திக்காட்டும் பொருள் இருக்கிறதென்று பிரதிகளைப் பறித்து எரித்து, எழுதியவரைச் சிறையில் போட்டார்கள், அவர் அங்கேயே இறந்தார். மக்காச்சோளத்துக்கே இந்தக் கதி! குடியரசு வந்த பிறகு 2019இல் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 10 சதவீதச் சுங்கவரி போட்டீர்கள். ராணாக்களாவது தீக்குச்சி செலவழித்தார்கள், நீங்கள் சும்மா இருந்தாலே போதும், தாள் தானாகப் போய்விடும்.

கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது, மன்னியுங்கள். தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், 1992 முதல் நேபாளியும் தமிழும் இந்திய அரசியலமைப்பின் ஒரே எட்டாவது அட்டவணையில் இருக்கின்றன. ஆரம்பகால நேபாளிப் பத்திரிகைகள் பல காசியிலும் டார்ஜிலிங்கிலும் அச்சானவை. எனக்கும் கேட்க இடமுண்டு என்றே நினைக்கிறேன்.

திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன். புஸ்தகாலயத்தை அரசுடைமை ஆக்க வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அறக்கட்டளை அதை நடத்தட்டும். மிச்சமிருக்கும் பத்திரிகைகளைப் படமெடுக்க ஆட்களுக்கும் கருவிகளுக்கும் பணம் கொடுங்கள். ஏழு மாகாணங்களில் ஏதாவது ஒன்றில், பள்ளத்தாக்குக்கு வெளியே, பிரதிகளை வைக்க ஓர் இடம் கொடுங்கள். இருபிரதிகள் உள்ள நூல்களில் ஒன்று அங்கே போகட்டும். உங்கள் அரசியலமைப்புப்படி ஜேட் மாதம் (உங்கள் நாட்காட்டியில்) 15 அன்று, அதாவது மே மாதக் கடைசியில், வரவுசெலவுத் திட்டம் வந்தாக வேண்டும். அதில் இதற்கென்று தனித் தலைப்பில் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நேபாளி இலக்கிய வாசகன் ஒருவன்